அட்வான்ஸ் அண்ணன் நடத்திய விழா

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களைப் பற்றிப் பிறகு பேசலாம். ராகலை வட்டாரத்தில் யார் எதைச் சாதித்தாலும் வாழ்த்துமடல் எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையில் ஏற்ற இறக்கத்தோடு வாசிக்கிற பள்ளிக்கூட மாஸ்டர் நான்தான். உண்மையில் என்னிடம் இருந்தது ஒரே ஒரு வாழ்த்துமடல். பெயரை மட்டும் மாற்றிக்கொள்வேன். ஒரு தடவை, பாட்டுப் போட்டியில் தேசிய மட்டத்தில் பரிசு வாங்கிய பல்கலைக்கழக மாணவன் ஒருவனைப் பார்த்து, நிறைந்த சபையில், "உன் கால்கள் நீடூழி வாழ்க" என்று முழங்கிவிட்டேன். அது அதற்கு முந்திய மாதம் ஓட்டக்காரனுக்கு எழுதியது. பையன் குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டான். நான் கைதட்டலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

என்னை இந்த மேடைகளில் ஏற்றிவிட்ட புண்ணியவான் அட்வான்ஸ் அண்ணன். நடக்காததைக் கொண்டாடுவதில் அவரை மிஞ்சிய ஆள் இந்த மலைநாட்டில் இன்னும் பிறக்கவில்லை.

அவருக்குத் தொழில் கதிரை, கூடாரம், ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுப்பது. கல்யாணம், சாவு, கோயில் திருவிழா மூன்றுக்கும் அதே சிவப்புப் பிளாஸ்டிக் கதிரைகள்தாம் போகும். எஞ்சிய நேரத்தில் அவர் பாராட்டு விழா நடத்துவார். எந்தத் தேயிலைத் தோட்ட லயத்துப் பிள்ளையாவது பட்டம் படிக்கக் கம்பஸ் போகும், பந்தயத்தில் ஜெயிக்கும், மேடையில் ஆடும் என்று காற்றுவாக்கில் காதில் விழுந்தால் போதும். மறுநாள் கடைத்தெருவில் பெனர் தொங்கும். ஜெயித்த பிறகு அல்ல, அதற்கு முன்னால். அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயர் என்னவென்று அவருடைய மனைவியைக் கேட்டால்கூட ஒரு கணம் யோசிப்பார்.

ஒரு பையன் உயர்தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். கடைசி வினாத்தாள் எழுத பஸ்ஸை விட்டு இறங்கியவன் அண்ணாந்து பார்த்தால், "மருத்துவ பீடம் புகும் எங்கள் மாணிக்கமே" என்று அவன் முகமே அவனைப் பார்த்துச் சிரிக்கிறது. பரீட்சை மண்டபத்துக்கும் கழிவறைக்குமாக நடந்தே வினாத்தாளை முடித்தான். பெறுபேறு வந்தபோது நிஜமாகவே மருத்துவ பீடம் கிடைத்திருந்தது. அண்ணனைப் பிடிக்க முடியவில்லை.

"பாத்தீங்களா மாஸ்டர், நம்ம பெனருக்குப் பயந்தே பாஸ் பண்ணிட்டான்."

"அண்ணே, பெயிலாயிருந்தா?"

"பெயிலானவனுக்கு யாரு பெனர் போடுவா? அவனுக்கும் ஒன்னு கெடைச்சிருக்குமே."

ஒரு நாள் பால் விடாத பிளேன்டி குடித்துக்கொண்டே அவரிடம் கேட்டேன், ஏன் இந்த அவசரம் என்று. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நம்ம சனத்துக்கு எல்லாமே லேட்டுங்க. ரோடு லேட்டு, கரண்டு லேட்டு, வீடு இன்னும் வரவேயில்ல. பாராட்டாவது மொதல்ல வரட்டுமே." அதைக் கேட்டபின் நான் இரண்டு வாழ்த்துமடல் கூடுதலாக எழுதினேன், அதாவது இரண்டு பெயர்களை மாற்றினேன்.

இப்போது சுகந்தியின் கதைக்கு வருகிறேன். சிரிப்பு இங்கே கொஞ்சம் கசக்கும்.

ராகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில், கொழுந்து பறிக்கிற தாய்க்கு ஒரே பிள்ளை. பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடத்தில் முதல் வரிசை மாணவி. கலைவிழாவில் தப்பு மேளம் அடித்து மண்டபத்தையே எழுந்து நிற்க வைத்தவள். எல்லாவற்றுக்கும் மேலே, ஐயாயிரம் மீற்றர் ஓட்டக்காரி. விடுமுறைக்கு வந்தால் தொழிற்சாலையிலிருந்து தோட்டத்தின் மேற்பிரிவு வரை மலைப்பாதையில் ஓடுவாள். தோட்டத்து நாய்கள் முதல் வருடம் துரத்திப் பார்த்தன. இரண்டாம் வருடம் படுத்தபடியே குரைத்துவிட்டு விட்டுவிட்டன.

வெளிநாட்டில் நடக்கும் பல்கலைக்கழகப் போட்டிக்கு ஒரே ஒருத்தியை அனுப்பப் போகிறார்கள். அதற்கான தெரிவுப் போட்டி திங்கட்கிழமை காலை கொழும்பில். செய்தி அண்ணன் காதுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே விழா வைத்துவிட்டார். பெனரில் "வெளிநாடு சென்று வென்று வந்த வீராங்கனையே" என்று போட்டிருந்தது. அவள் அதுவரை விமான நிலையம் போகும் வழியிலுள்ள வத்தளையைக்கூடத் தாண்டியதில்லை.

பெனரின் நடுவே சாப்பாட்டுத் தட்டளவு சுகந்தி. சுற்றிலும் பிரமுகர்கள், ஒவ்வொருவரும் அண்டா அளவு. அதிலும் பெரிய அண்டா, பிரதம அதிதியாக வரவிருந்த அரசியல்வாதி.

கணக்கு சுலபமானது. ஒன்பது மணிக்கு விழா; பத்தரைக்கு முடியும்; நானுஓயாவில் பகல் ரயில்; இரவு கொழும்பில் சாப்பிட்டுவிட்டுத் தூங்கி எழுந்து ஓட வேண்டியதுதான். சுகந்தி சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, மேடையில் உட்கார்ந்தாள். பத்து மணியானது. பிரதம அதிதி வரவில்லை. அண்ணன் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"பிரதம அதிதி அவர்கள் கந்தப்பளையைத் தாண்டி விட்டார்கள்."

அண்ணனின் அறிவிப்புகளும் அட்வான்ஸ்தான் என்பது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை. பதினொரு மணிக்கும் அதிதி கந்தப்பளையைத் தாண்டினார். பன்னிரண்டுக்கும் தாண்டினார். இடையில் சபை கலையாமல் இருக்க என்னை வாழ்த்துமடல் வாசிக்கச் சொன்னார்கள். நான்கு பக்கம். நிறுத்தி நிதானமாக வாசித்தேன்.

சுகந்தி அண்ணனைக் கையசைத்துக் கூப்பிட்டாள். "மாமா, நான் கெளம்பவா? ரயிலு போயிரும்."

"இந்தா வந்துட்டாங்க புள்ள. பொன்னாடைய மட்டும் வாங்கிக்கிட்டுப் போயிரு."

அவளுடைய அம்மா மண்டபத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். கதிரை வாடகைக்காரர் நடத்திய விழாவில் விழா நாயகியின் தாய்க்குக் கதிரை இல்லை. முன்வரிசை முழுக்க வராதவர்களுக்காகக் காலியாகக் கிடந்தது. நான் வெளியே வந்தபோது அவர் மெதுவாகச் சொன்னார்: "சேர், புள்ள வெடியக்காலையில இருந்து ஒன்னுஞ் சாப்புடல. எறங்கி வரச் சொல்லுங்களேன்."

"இன்னுங் கொஞ்ச நேரந்தாங்கம்மா" என்றேன். பெரியவர்கள் முன்னால் எழுந்து போக அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. போ என்று சொல்லப் பெரியவர்களான எங்களுக்குத் தெரியவில்லை.

மூன்று மணிக்கு அதிதி வந்தார். வெடி வெடித்தது. தாமும் ஒரு காலத்தில் ஓட்டக்காரர்தான் என்றும், கணக்கு வாத்தியாரைக் கண்டால் பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வரை ஓடுவார் என்றும் சொல்லிவிட்டு, மலையகப் பெண்கள் காலத்தோடு போட்டிபோட வேண்டும் என்று நெடுநேரம் பேசினார். பிறகு பக்கத்திலிருந்த தம் கட்சி அமைப்பாளரிடம் திரும்பினார்.

"வாழ்த்துமடல் வாசிச்சாச்சா?"

"வாசிச்சாச்சுங்க ஐயா."

"நான் கேக்கலையே."

மறுபடியும் வாசித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதல் தடவையைவிட நன்றாக வாசித்தேன். சுகந்தியின் மடியில் மூன்று சுவர்க் கடிகாரங்கள் இருந்தன. ஓட்டக்காரிக்கு எங்கள் ஊர்ச் சங்கங்கள் கொடுத்த பரிசு. ரயில் போய்விட்டது என்பதை மூன்றும் மூன்று விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தன.

அன்றிரவு பஸ்ஸில் இடம் கிடைக்காமல், பாதி வழியிலுள்ள கினிகத்தேனை வரை நின்றும் பிறகு பையின்மேல் குந்தியும் அவள் கொழும்பு போய்ச் சேர்ந்தாள். முகம் கழுவிவிட்டுப் போய் ஓடினாள். கடைசிச் சுற்று வரை முன்னால் இருந்தவள், கோட்டைத் தொடும்போது ஒரு கை நீளம் பின்னால் இருந்தாள். அனுப்புவது ஒருத்தியைத்தான்.

எங்கள் கடைத்தெருவில் மட்டும் அவள் தொடர்ந்து வென்றுகொண்டிருந்தாள். அதிதியின் முகம் இருப்பதால் பெனரைக் கழற்றக் கூடாது என்று அமைப்பாளர் சொல்லிவிட்டார். அடுத்த விடுமுறைக்கு அவள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மீன்கடைக்காரர் பெனரையும் அவளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு அன்பாகக் கேட்டார்: "என்னா புள்ள, வெளிநாடெல்லாம் எப்புடி இருந்துச்சு?"

"குளிரா இருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

இது காதில் விழும் தூரத்தில்தான் அண்ணன் லொறியில் கதிரை ஏற்றிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். அவர் தூக்கிய கதிரையை ஏற்றவுமில்லை, இறக்கவுமில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் விடிந்து பார்த்தால், பெனரின் நடுவில் ஓட்டை. சுகந்தியின் முகத்தையும் பெயரையும் யாரோ வட்டமாக வெட்டி எடுத்திருந்தார்கள். ஓட்டை வழியே பின்னாலிருந்த மீன்கடையின் தராசு தெரிந்தது. சுற்றிலும் பிரமுகர்கள் கைகூப்பி, பல் தெரியச் சிரித்து, அந்தத் தராசை வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். அமைப்பாளர் ஓடி வந்தார்.

"யாருய்யா வெட்டுனது?"

"காத்துங்க" என்றார் அண்ணன்.

"காத்து இப்புடி வட்டமா வெட்டுமா?"

"ராகலைக் காத்து வெட்டும்ங்க. நீங்க டவுன்ல இருக்கீங்க, ஒங்களுக்குத் தெரியாது."

பெனர் கட்டுகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும்: ஓட்டை போட்ட பெனர் லேசில் கிழியாது, காற்று உள்ளே புகுந்து போய்விடும். மாதக்கணக்கில் தொங்கியது. எங்கள் ஊரில் நடந்த எத்தனையோ பாராட்டு விழாக்களைப் பற்றிய சரியான படம் அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும். பாராட்டுகிறவர்கள் எல்லோரும் இருப்பார்கள்.

அதற்குப் பிறகு அண்ணன் எவருக்கும் பெனர் போடவில்லை. வாழ்த்துமடலுக்கு ஆள் இல்லாமல் நானும் வேலையிழந்தேன். இந்த வருடம் சுகந்திக்குப் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். இதை விட்டால் மாணவியாக ஓட வாய்ப்பில்லை. மறுபடி தெரிவுப் போட்டி வந்தது. அமைப்பாளருக்கும் ஞாபகம் வந்தது. போன வாரம் அண்ணனின் கடைக்கு வந்து நின்றார்.

"ஐயா ஃப்ரீயா இருக்காரு. சனிக்கிழம நம்ம புள்ளைக்கு ஒரு பாராட்டு வச்சிருவமா?"

"கதிரை இல்லைங்களே. எல்லாம் ஒரு சாவு வீட்டுக்குப் போவுது."

"யாரு செத்தது?"

"இனிமேத்தாங்க."

அமைப்பாளர் ஒரு நிமிடம் அவரையே பார்த்தார். தாம்தான் அந்த ஆளோ என்ற சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்த வழியே போய்விட்டார். அண்ணன் யாருக்கும் சொல்லாமல் தோட்டத்தில் சுகந்தியின் அம்மாவை ஏற்றிக்கொண்டு, கம்பஸ் விடுதி வாசலுக்கு லொறியைக் கொண்டுபோய், அவளையும் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு, போட்டிக்கு மூன்று நாள் முன்னதாகவே வத்தளையில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். இந்த ஒரு விஷயத்தில் அவருடைய அட்வான்ஸ் புத்தி மாறவில்லை.

போட்டி நாளைக் காலை. இதை நீங்கள் வாசிக்கும்போது முடிவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். எழுதுகிற எனக்குத் தெரியாது. இருப்புக் கொள்ளவில்லை. இன்று பொழுது சாய, புதிதாக, யாருக்கும் எழுதாத ஒரு வாழ்த்துமடலை எழுதிமுடித்து, அண்ணனுக்குப் போன் போட்டேன். நெடுநேரம் அடித்தபின் எடுத்தார்.

"அண்ணே, புள்ளகிட்ட கொஞ்சம் குடுங்க, ரெண்டே வரி வாசிச்சிர்றேன்."

"தூங்குது, போன வைங்க மாஸ்டர்."