சர்க்கார் மீசை

தசரா முடிவதற்குள் ஒரு வேஷக்காரனையாவது வேஷத்தைவிட்டு வெளியே இழுத்துப் போட்டே தீருவது என்று எண்பத்தாறாம் வருஷம் நான் தீர்மானம் செய்தேன். மற்றவர்கள் பீடியை விடுவதாகத் தீர்மானம் செய்வார்கள். அதிகாலையில் எழுந்து ஓடுவதாகத் தீர்மானம் செய்வார்கள். எனக்கு இது தோன்றியது. தலைவிதியும் வேஷம் போட்டுக்கொண்டுதான் வரும் போலிருக்கிறது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தாராவியில் எங்கள் சந்தில் முக்கால்வாசிப்பேர் திருநெல்வேலிக்குத் தெற்கேயிருந்து வந்தவர்கள். சந்து முனையில் தகரக்கூரை போட்ட ஒரு முத்தாரம்மன் கோயில். தசராவுக்கு நேர்ச்சை உள்ளவர்கள் காப்புக் கட்டி, விரதம் இருந்து, வேஷம் போட்டு வீடு வீடாக வருவார்கள். காளி, குரங்கு, கரடி, போலீஸ், குறத்தி என்று யாருக்கு எது நேர்ந்திருக்கிறதோ அது. வேஷம் ஏறிவிட்டால் ஆள் பழைய ஆள் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. யார் என்று கேட்கக் கூடாது. விளையாடலாம், ஆனால் வேஷத்துக்குள்ளேயே நின்று விளையாட வேண்டும். குரங்கு வந்தால் பழத்தைக் காட்டி ஓடலாம். குறத்தி வந்தால் கையை நீட்டிக் குறி கேட்கலாம். போலீஸ் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் நான் மாட்டுங்கா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். இறுகிப்போன நட்டைக் கண்டால் கை சும்மா இருக்காது. வேஷக்காரர்கள் எல்லாரும் எனக்கு இறுகின நட்டாகத்தான் தெரிந்தார்கள்.

முதலில் காளி வந்தது. முதுகில் தகரத்தில் வெட்டிய எட்டுக் கை, முகமெல்லாம் கறுப்பு மை, பல்லில் கடித்துப் பிடித்த சிவப்பு நாக்கு. உள்ளே இருந்தது சொரிமுத்து, தாதர் மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவன். என் மனைவி பேராச்சி கற்பூரத் தட்டோடு கண்ணை மூடி நின்றாள். நான் குனிந்து காளியின் காதில் சொன்னேன்.

"ஏல சொரிமுத்து, உன் முட்டைக்கோஸ் மூட்டையெல்லாம் சரிஞ்சு ரோட்டுல உருளுதாம்ல!"

"எப்பம்?" என்றது காளி.

நாக்கு தட்டில் விழுந்து கற்பூரத்தை அணைத்தது. சந்தே சிரித்தது. காளியைக் காலி பண்ணிவிட்டேன் என்று நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். காளி நாக்கை எடுத்துக்கொண்டு போனது. முகத்தில் மை வழிந்தது. வியர்வை என்று நினைத்தேன்.

பேராச்சி சிரிக்கவில்லை. தட்டைக் கழுவினாள். தேவைக்கு மேலேயே கழுவினாள்.

"சிரிச்சாச்சா?"

"வயிறு வலிக்கச் சிரிச்சாச்சு."

"எதுக்கு அவன் வேஷம் கட்டுதான்னு தெரியுமா உங்களுக்கு?"

"மூஞ்சிக்கு மை அதிகம் தேவைப்படாதுன்னுதான்."

"அவன் பொண்டாட்டிக்கு ரெண்டு தடவ கலஞ்சு போச்சு. இப்பம் மறுபடி மாசமா இருக்கா. புள்ள நல்லபடியாக் கைக்கு வரணும்னு நேந்துக்கிட்டுக் கட்டியிருக்கான். நீங்க அதப் போயிக் கலச்சிட்டிய."

தூக்கிவிட்ட காலரை இறக்கிவிட்டேன்.

"எனக்கு எப்படிட்டி தெரியும்?"

"தெரியாதுன்னுதானே கலைக்கக் கூடாதுன்னு வச்சிருக்காவ. போயி அவன்ட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க."

"வேஷத்துல இருக்கிறவன்ட்ட மன்னிப்பு கேக்கணுமாக்கும்? அது யாருக்குப் போயிச் சேரும்?"

"அம்மாவுக்குப் போயிச் சேரும். அவ பாத்துக்கிட்டுதான் இருக்கா."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். மறுநாள் பட்டறையில் மேலேயிருந்து ஒரு ஸ்பேனர் என் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. வருஷம் பூராவும் பட்டறையில் ஸ்பேனர் விழுந்துகொண்டுதான் இருக்கும். அன்றைக்கு விழுந்தது மட்டும் என்னைப் பார்த்துக் குறி வைத்த மாதிரி இருந்தது. ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த கிழவி வெற்றிலை போட்டு நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டாள். நான் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் பெட்டி மாறினேன்.

பயந்த ஆம்பிளை என்ன செய்வான்? பயமில்லை என்று காட்டுவான். இன்னொரு வேஷத்தைக் கலைத்துக் காட்டினால்தான் சரி என்று பட்டது. வீட்டுக்கு வந்தால் பேராச்சி தன்பாட்டுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"புதுசா ஒரு போலீஸ் வேஷம் வந்திருக்காம்," என்றாள். "எந்தப் பக்கத்து ஆளோ தெரியல. அசல் ஹவல்தார் கணக்காவே நிக்காராம். யாரு என்ன பண்ணினாலும் சிரிக்கவே மாட்டாராம். நீங்க அந்தப் பக்கமே போயிராதிய."

"போனா?"

"உங்களால முடியாது. விடுங்க."

இந்த 'உங்களால முடியாது' என்பதை வைத்துத்தான் அவள் என்னைக்கொண்டு பரண் கட்டினாள், குழாய் வைத்தாள், தன் தங்கச்சி கல்யாணத்தையே நடத்தி முடித்தாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பிவிட்டேன்.

கரீம் பாட்சா பாயின் டீக்கடை முன்னால் நின்றார் அவர். விறைத்த காக்கி. பளபளவென்று பூட்ஸ். கையில் லத்தி. மூக்குக்குக் கீழே இரண்டு பக்கமும் தேள் கொடுக்கு மாதிரி ஒரு மீசை. அவ்வளவு ஒழுங்கான மீசை யாருக்கும் முளைக்காது, ஒட்டத்தான் முடியும். நான் சுற்றிச் சுற்றி வந்தேன். இடது கையால் சல்யூட் அடித்தேன். கோழி மாதிரிக் கூவினேன். முகத்தில் ஒரு நரம்புகூட அசையவில்லை.

"ஒட்டு மீசைக்கு இவ்வளவு ஜம்பமா?" என்று கேட்டு, கொடுக்கைப் பிடித்து ஒரே இழு.

மீசை வரவில்லை. மீசையோடு ஆள் வந்தார்.

"க்யா ரே! போலீஸ் கா மூச் கீஞ்ச்தா ஹை? சர்க்காரீ மூச்!"

போலீஸ்காரன் மீசையையா இழுக்கிறாய், அது சர்க்கார் மீசை என்று இந்தியில் ஆரம்பித்தவர், அதற்குப் பிறகு மராத்தியில் பொழிந்தார். எங்கள் ஆட்களின் மராத்தி எனக்குத் தெரியும். நாலு வார்த்தை வந்ததும் மூச்சு வாங்கும், ஐந்தாவது வார்த்தை தமிழாக இருக்கும். இவருடையது தங்கு தடை இல்லாமல் ஓடியது. திருவிழாக் கூட்டத்துக்கு நிஜப் போலீசும் பந்தோபஸ்துக்கு வரும் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"சல், சௌக்கி!" என்று, ஸ்டேஷனுக்கு இழுத்துப் போகக் காலரைப் பிடித்தார். முந்தின நாள் நான் தூக்கிவிட்டுக்கொண்ட அதே காலர்.

கேஸ் போட்டால் வேலை போகும். மீசையை இழுத்ததற்காகச் சஸ்பெண்ட் ஆன ஃபிட்டர் ரயில்வேயில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். காப்புக் கட்டினவனைக் கேலி பண்ணினேன், எனக்கு லாக்கப்புக் கட்டுகிறாள் அம்மா என்று நினைத்துக்கொண்டேன்.

"பாய்!" என்று கத்தினேன். "இவரு வேஷமா, நெசமா? ஒரு வார்த்த சொல்லுங்க பாய்!"

கரீம் பாட்சா பாய் எழுந்து நின்றார். பாத்திரத்தைக்கூடக் கீழே வைத்துவிட்டார். "சலாம், ஹவல்தார் சாப்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "போலீஸ் கூட்டிட்டுப் போனா மறுபேச்சுப் பேசாமப் போயிரணும் அய்யாத்துரை," என்றார்.

நிஜப் போலீஸ் என்றால் பாய் இதைத்தான் சொல்வார். வேஷப் போலீஸ் என்றாலும் இதையேதான் சொல்வார். இருபது வருஷமாக இந்தச் சந்தில் கடை வைத்திருக்கிறவருக்கு வழக்கம் தெரியாதா? யாரிடம் கேட்டு நான் தெரிந்துகொள்வது? இந்தச் சந்தில் வேஷத்தை வேஷம் என்று சொல்லக்கூடிய ஒரே அயோக்கியன் நான்தான். என்னைத்தான் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

வாசலில் செண்பகவல்லி மைனி நின்றாள். எனக்கு அண்ணி முறை, நல்லது நினைக்கிறவள்.

"மைனி, இவரு யாரு மைனி?"

மைனி கையைக் கட்டிக்கொண்டாள். "ஐயா, ஸ்டேஷனுக்குப் போறதுக்கு முன்னால எங்க வீட்டு முன்னால வச்சே ரெண்டு சாத்துங்க. நாங்களும் பாத்துக்கிடுவோம்."

நான் கடைசி வழியாக ஒரு தந்திரம் பண்ணினேன். "ஐயோ, உங்க பூட்ஸ்ல பாம்பு!" என்று தமிழில் அலறினேன். அவர் குனியவில்லை. தமிழ் தெரியாதவர்! மராட்டியர்! அசல்! எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது.

அந்த நேரத்தில் மேளத்தோடு எதிரே வந்தது காளி.

"சொரி..." என்று ஆரம்பித்தேன். எட்டுத் தகரக் கையும் விரிந்து, நாக்கு முன்னைவிடச் சிவப்பாக நீட்டிக்கொண்டு, கண் இரண்டும் என் மேலேயே இருந்தன. அதற்குள்ளே எனக்குத் தெரிந்த யாரும் இல்லை. ஹவல்தாரின் பிடியில் இருந்தபடியே நான் மண்ணில் விழுந்தேன்.

"அம்மா," என்றேன். "தெரியாமப் பண்ணிட்டேம்மா. என்னய என்ன வேணும்னாலும் பண்ணு. அந்தப் புள்ள நல்லபடியா வரட்டும்."

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. அதுவாக வந்தது. காளி குங்குமத்தை எடுத்து என் நெற்றியில் அப்பியது. நாக்கு இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆனால் ஹவல்தார் மனசு இளகவில்லை. "சல்!" என்றார். கோயிலைத் தாண்டும்போது, தலைவிரி கோலமாக ஓடி வந்தாள் பேராச்சி. அவளைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது எங்கள் கல்யாணத்தன்றுகூட இல்லை.

"சாப்! சாப்! ஏ மேரா ஆத்மி. தோடா பாகல்."

"என்னட்டி சொல்லுத?"

"கொஞ்சம் பைத்தியம்னு சொல்லுதேன். அதுதான் சட்டத்துல செல்லுமாம். பேசாம நில்லுங்க."

நான் முடிந்த அளவுக்குப் பைத்தியமாக நின்றேன். ஹவல்தார் மீசையைத் தொட்டுத் தொட்டு வேக மராத்தியில் ஏதோ சொன்னார். பேராச்சி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள்.

"என்ன சொல்லுதாரு?"

"சர்க்கார் மீசைல கை வச்சா ஆறு மாசமாம். ஆனா சாமிக்குப் பயந்தவரு. இனிமே வேஷக்காரங்ககிட்ட வம்புக்குப் போக மாட்டேன்னு அம்மன் சன்னதில சத்தியம் பண்ணினா விட்டுருவாராம்."

"பண்ணுதேன்! இப்பமே பண்ணுதேன்!"

"அது மட்டும் போதாதாம். வர்ற தசராவுக்கு நீங்களே காப்புக் கட்டி வேஷம் போடணுமாம்."

"போடுதேன்!"

"என்ன வேஷம்னு கேக்காரு."

அவர் வாயைத் திறந்த மாதிரியே எனக்குத் தெரியவில்லை. அதைப் பற்றி நினைக்கிற நிலையிலும் நான் இல்லை.

"எது வேணும்னாலும் சொல்லுட்டி!"

"குறத்தி," என்றாள் பேராச்சி.

அம்மன் முன்னால் எரிகிற கற்பூரத்தை அடித்துச் சத்தியம் பண்ணினேன். குறத்தி வேஷம் கட்டி, கூடையும் கோலுமாக, சந்து சந்தாகக் குறி சொல்லி வருவேன் என்று சத்தமாகச் சொன்னேன். ஹவல்தாருக்குக் கேட்க வேண்டுமே என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் காலரை விட்டார். நான் தூணில் சாய்ந்து மூச்சு விட்டேன்.

கோயில் வாசலில் மேளம் வேகம் பிடித்தது. ஹவல்தார் லத்தியைத் தோளில் போட்டார். குரங்குக்கும் கரடிக்கும் நடுவில் போய் நின்றார். பிறகு ஆட ஆரம்பித்தார். பூட்ஸ் காலோடு, அடி பிசகாமல், எங்கள் ஊர் மேளத்துக்கு எங்கள் ஊர் ஆட்டம். பிறந்ததிலிருந்து அந்தத் தாளத்தைக் கேட்டவனுக்குத்தான் அந்த ஆட்டம் வரும்.

"ஏட்டி," என்றேன். "யாரு அது?"

"வேஷம் போட்டவிய யாருன்னு கேக்கக் கூடாது."

"செம்பூர்ல சொரிமுத்துக்கு ஒரு மச்சினன் உண்டே. மராத்திப் பள்ளிக்கூடத்துல படிச்சவன்..."

"பேரு சொல்லவும் கூடாது."

"அப்பம் இது ஏமாத்து வேலை! என் சத்தியம் செல்லாது!"

பேராச்சி விபூதியை எடுத்து நிதானமாகப் பூசிக்கொண்டாள். "போலீசுதான் வேஷம்," என்றாள். "நீங்க யாரு முன்னால சத்தியம் பண்ணினியளோ, அவளுமா வேஷம்?"

நான் அம்மனைப் பார்த்தேன். அம்மன் என்னைப் பார்த்தாள். இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் சிரிப்பு வந்தது. அது நான் இல்லை.

மார்கழியில் சொரிமுத்துவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். செய்தி வந்த அன்றைக்குப் பட்டறையில் நான் ஆளுக்கொரு பேடா வாங்கிக் கொடுத்தேன். யாருக்கு எதற்கு என்று ஒருவருக்கும் புரியவில்லை. பேராச்சி போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்து, மூக்கு நல்ல மூக்கு என்றாள். மற்றதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பொங்கல் போயிற்று, பங்குனி போயிற்று, மழை வந்து சந்தை நிரப்பிவிட்டு வடிந்தது. சத்தியத்தை அவள் மறந்துவிட்டாள் என்று எனக்கு மெதுவாக உயிர் வந்துகொண்டிருந்தது.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சவரம் பண்ணிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுச் சைனப் கழுத்தில் டேப்பும் கையில் சாக்குக்கட்டியுமாக வந்தாள். சந்துப் பெண்கள் எல்லாருக்கும் அவள்தான் ரவிக்கை தைக்கிறவள்.

"கைய விரிங்கண்ணே," என்று மார்பைச் சுற்றி டேப்பைப் போட்டாள். "ரவிக்கைக்குக் கை எப்படி வேணும்? நீட்டமாவா, குட்டையாவா?"

முகத்தில் பாதி சோப்போடு நான் வாயைத் திறந்தேன்.

"பஃப் கை வச்சிரு," என்றாள் பேராச்சி.