அப்பீல் நானாவும் பித்தப்பைக் கல்லும்

'முடியாது' என்று வரும் கடிதத்தை அப்பீல் நானா அளவுக்கு ஆசையாகப் படிக்கும் மனிதர் காரைக்காலில் இன்னும் பிறக்கவில்லை.

எங்கள் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்; ஊர் வழக்கப்படி எல்லோருக்கும் நானா, அதாவது அண்ணன். அதற்கு முன் துபாயில் டைப்பிஸ்ட். ஒருமுறை, பேத்திக்கு ஓவியத்தில் ஏழு மார்க் போட்டதை எதிர்த்துப் பள்ளிக்கூடத்துக்கு அப்பீல் எழுதினார். மறுபடி பார்த்துவிட்டு ஆறாகக் குறைத்தார்கள். "இப்பத்தான் கேஸு ஸ்ட்ராங்கா ஆவுது" என்று இரண்டாவது அப்பீலுக்கு உட்கார்ந்துவிட்டார்.

என் மனைவி செல்விக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷனுக்கு முதல்நாள் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்தது. பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோயாம். கைக்காசு போட்டுச் செய்ய வழியில்லை. வலியோடு வீட்டுக்குத் திரும்பினாள். கஞ்சியைத் தவிர வயிற்றில் எதுவும் தங்கவில்லை.

கடிதத்தை நகலெடுக்கப் போனேன். படித்ததும் நானாவின் முகத்தில் கல்யாணக் களை.

"ஆஸ்பத்திரி பேப்பர் அத்தனையும் கொண்டாங்க தம்பி."

பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு தாளாக மேய்ந்தார். ஜெராக்ஸுக்கு நின்ற ஆறு பேரும் காத்திருந்தார்கள். கடைசியில் ஒரு தாளைத் தட்டினார்.

"தங்கச்சிக்கு எத்தன நாளா வலி?"

"பத்து நாளா, நானா."

"இங்க பத்து வருசம்னு அடிச்சிருக்கான் பாருங்க!"

உடனே கம்பெனிக்குப் போன் போட்டார். "ஏம்மா, பத்து வருசமா வலிச்சிருந்தா எங்க தங்கச்சி புருசன சும்மா வுட்டு வச்சிருக்குமா?"

எதிர்முனையில் அந்தப் பெண் சிரித்துவிட்டாள். ஆனாலும் டாக்டரின் திருத்தக் கடிதத்தோடு முறைப்படி அப்பீல் செய்தால்தான் ஆகும் என்றாள். நானாவுக்கு வேறென்ன வேண்டும்? பதினோரு பக்கம் அடித்தார். அதில் நாலு பக்கம் செல்வியின் நற்குணங்கள்.

"இது எதுக்கு நானா?"

"படிக்கிறவனுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கும்ல?"

கெஞ்சிக் கூத்தாடி அந்த நாலு பக்கத்தையும் எடுக்கவைத்தேன். மூன்றாவது வாரம் அனுமதி வந்தது.

ஆபரேஷன் அன்று கடையைப் பூட்டிவிட்டு நானாவும் வந்துவிட்டார். ஆஸ்பத்திரி பேப்பர் கட்டை மடியில் வைத்துக்கொண்டு தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் வெளியே வந்து, "நல்லபடியா முடிஞ்சுதுங்க" என்றார். நானா இவரிடமும் குறுக்கு விசாரணையை ஆரம்பித்துவிடுவாரோ என்று பயந்தேன்.

நானா என் கையைப் பிடித்துக்கொண்டார். எதிர்த்த டீக்கடை போய்ச் சேரும்வரை விடவேயில்லை.