டிபன் பாக்ஸில் ஒரே ஒரு புழு

செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட வந்த படைகள் எல்லாம் சேர்ந்து தராத தொல்லையை, எவர்சில்வர் டிபன் பாக்ஸோடு வந்த ஒரே மனிதர் எங்களுக்குத் தந்தார். தளவானூர்க்காரர். மனுவில் பெயர் இருந்தாலும் எங்களுக்கு அவர் 'டிபன் பாக்ஸ்'தான். அவர் பஸ்ஸை விட்டு இறங்கினால் எங்கள் வேளாண்மை அலுவலகத்தில் பாதிப்பேர் டீக்கடைக்குப் போய்விடுவார்கள். பயிர்ச்சேத மனுக்களைப் பார்க்கும் நான் பின்வாசல் வழியாகப் போவேன்.

அவருடைய மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்றுகொண்டிருந்தது. நிவாரணம் வந்தால்தான் அடுத்த போகத்துக்கு விதை. ஆதாரம் கேட்டேன். மறுநாள் என் மேசையில் டிபன் பாக்ஸைத் திறந்தார். உள்ளே கொழுத்த புழு ஒன்று.

"ஒரு புழுவுக்கா நிவாரணம்?"

"நேத்து பத்து புடிச்சிப் போட்டேன் சார். ஒண்ணை ஒண்ணு தின்னுட்டுதுங்க."

"அதுங்களே தின்னு தீர்த்துக்குதுன்னா, உனக்கு இன்னாத்துக்குய்யா நிவாரணம்?"

அலுவலகமே சிரித்தது. அவர் மூடியைப் போட்டார். "மானியத்துல மருந்து வர்றதுக்குள்ள புழு பேரன் பேத்தி எடுத்துட்டுது சார். வயலைப் பாக்க வாங்க."

நான் போகவில்லை. அடுத்த வாரம் ஒரு முழுச்செடியை வேரும் சேறுமாகக் கொண்டுவந்தார். அமாவாசைக் கூட்டத்தில், மேல்மலையனூர் அம்மன் கோயில் நேர்த்திக்கடன் என்று நினைத்து பஸ்ஸில் இருவர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்களாம். செடிக்குக் கண்டக்டர் போட்ட லக்கேஜ் டிக்கெட்டையும் அவர் மனுவோடு இணைத்திருந்தார்.

கடைசியில் போனேன். மழை பெய்து வயல் சேறாகக் கிடந்தது. என் செருப்பு புதிது. சாலையில் நின்றபடியே 'பாதிப்பு குறைவு' என்று எழுதிவிட்டேன். நிவாரணம் வராமல், அடுத்த போகம் அவர் நிலம் தரிசாகக் கிடந்தது.

ஓய்வுக்குப் பின் மனைவி வழி நிலத்தில் நானும் மக்காச்சோளம் போட்டேன். மூன்றாம் வாரமே இலையெல்லாம் ஓட்டை. எட்டுப் புழுக்களைப் பிடித்து ஒரு டப்பாவில் போட்டேன். காலையில் ஒன்றுதான் இருந்தது.

அந்த டப்பாவோடு தளவானூர் போனேன். அவர் திறந்து பார்த்தார்.

"எத்தினி போட்டீங்க சார்?"

"எட்டு." தலை நிமிராமலே சொன்னேன். "அன்னிக்கி நான் உங்க வயல்ல எறங்கவே இல்லீங்க."

"தெரியும் சார். செருப்புல சேறு இல்லியே."

மறுநாளே முதல் பஸ்ஸில் என் வயலுக்கு வந்தார். ஐந்து நாள், செடி செடியாகக் குனிந்து, புழு சாக குருத்துக்குள் மணல் போட்டார். நானும் பக்கத்து வரிசையில் குனிந்தேன். பயிர் பிழைத்தது. அறுத்ததும் முதல் சோளத்தை அவர் டிபன் பாக்ஸில் நிரப்பிக் கொடுத்தேன்.

"இதுங்க ஒண்ணை ஒண்ணு தின்னாது இல்ல சார்?" என்றார்.

இப்போதும் மாதம் ஒருமுறை வருகிறார். அவர் வரும் நாளில், பஸ் வருவதற்கு அரைமணி முன்பே நான் நிறுத்தத்தில் போய் நின்றுவிடுகிறேன்.