இருவர் இருவராக

பிரித்துவிடுவோர் என்று ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. எந்தச் சிக்கலையும் இவர்கள் அவிழ்ப்பதில்லை. குட்டிச் சிக்கல்களாகப் பிரித்து வைத்துவிட்டுப் பூரித்துப்போவார்கள். பார்த்ததில்லையா? கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கனகசபை வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

கனகசபை இயற்பியல் விரிவுரையாளர். தொண்ணூறுகளின் நடுவில் அவரைப் பிடித்த பித்து இது: பல ஒளிக்கற்றைகள் ஒரு கண்ணாடி வலைக்குள் நுழைந்து எப்படிக் கலந்து வந்தாலும், அது எவ்வளவு பெரிய யூனிட்டரி உருமாற்றமானாலும், அதாவது மொத்த ஒளி குறையாத எந்தக் கலப்பானாலும், ஒளியில் ஒரு பங்கை ஊடே போகவிட்டு மறுபங்கைத் திருப்பும் சின்னக் கண்ணாடிகளாக அதைப் பிரித்துவிடலாம், ஒவ்வொன்றிலும் இரண்டே கற்றைகள் சந்தித்தால் போதும், நடுவே ஏதாவது ஒரு கற்றையைச் சற்றுத் தாமதிக்க வைத்தால் போதும், துளி ஒளியும் வீணாகாது. அழகான கணக்குத்தான். அதோடு விட்டாரா?

மகள் மீனலோசனிக்குச் சம்பந்தம் பேச, கிள்ளானிலிருந்து முத்துக்குமாருவும் அவர் மனைவி புஷ்பவல்லியும் மகன் பாலனோடு வந்தார்கள். கல்யாணம் கிள்ளானிலா, பிரிக்பீல்ட்ஸிலா? எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கனகசபைக்கு உற்சாகம் பொங்கியது.

"இப்படிக் கூட்டமா பேசக்கூடாது லா. இருவர் இருவரா பேசுவோம். பிள்ளைங்க வெளிய இருக்கட்டும், வலை பெருசாயிடும்."

மனைவி தங்கரத்தினத்தைப் புஷ்பவல்லியோடு கூடத்தில் உட்கார வைத்தார். முத்துக்குமாருவைத் தன்னோடு முன்னறையில் வைத்துக்கொண்டார். பிறகு ஆள் மாற்றினார், மறுபடியும் மாற்றினார். கொதித்துப்போய் வந்த புஷ்பவல்லியை அடுத்தவரிடம் அனுப்புமுன் கையில் ஒரு கோப்பியைக் கொடுத்துத் தாமதிக்க வைத்தார். உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா? அவருக்கு வரவில்லை. மத்தியானத்துக்குள் கோயில், தேதி, சாப்பாடு எல்லாம் ஒத்துப்போயின. சம்பந்திகள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

"துளிகூட வீணாகலை," என்று கனகசபை கதவைத் திறந்து மகளைக் கூப்பிட்டார்.

கார் போர்ச்சில் பாலனோடு நின்றிருந்தாள் மீனலோசனி. "அப்பா, நீங்க சொன்ன மாதிரியே நாங்களும் இருவரா பேசினோம்."

"நல்லது! என்ன முடிவு?"

"வேணாம்னு. பாலனுக்கு வேற பொண்ணு இருக்கு, சொல்லப் பயம். எனக்கும் இப்போ கல்யாணம் வேணாம். ரெண்டு பேரும் உள்ள வந்து சொல்லலாம்னுதான் நின்னோம். நீங்க கதவைச் சாத்திட்டீங்க."

கனகசபை உள்ளே பார்த்தார். சம்பந்திகள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கதவைச் சாத்தியது தாம்தான் என்பது உறைத்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"சரிம்மா. முதல்ல நீ அம்மாவோட பேசு. தம்பி, நீங்க உங்க அப்பாவோட. ஆளுக்கொரு கோப்பி போடுறேன்."

இதைப் படிக்கும்போதே, 'இது என் மச்சான்தான், நானில்லை' என்று இரண்டாகப் பிரித்து முடித்துவிட்டீர்களா? உட்காருங்கள். கோப்பி வரும்.