துண்டுக்குள் நாற்பது மாடுகள்

திருநகர், மதுரை.
ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பின்.

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளை அருண்பாண்டி அவர்களுக்கு,

மாமனார் ராஜபாண்டி எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். என் இடது முழங்கால் மட்டும் நலமில்லை. அது போன கடிதத்திலும் நலமில்லை. அங்கே தாங்களும் பவதாரிணியும் பேத்தி தமிழ்வாணியும் வார்சா குளிருக்குத் தக்கபடி போர்த்திக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போலந்தின் தலைநகரம் எது என்று எழுமலைப் பள்ளியில் முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளைக் கேட்டுப் பாடாய்ப் படுத்தினேன். அந்தப் பாவத்துக்கு மகளையே அங்கு அனுப்பும்படி ஆகிவிட்டது. இதைத் தாளில் எழுதிப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்; பக்க எண் பார்த்துப் படிக்கவும்.

விஷயம் இதுதான். தாங்கள் வாங்கிக் கொடுத்த வேலையை நான் ராஜினாமா செய்கிறேன். இன்று மாலை ஆறு மணிக்குள் நானாகச் செய்யாவிட்டால் அவர்களாகச் செய்துவிடுவார்கள். சிபாரிசு செய்தவர் என்ற முறையில் தங்களுக்கும் அதைத் தெரிவிப்பார்களாம். முப்பத்து நான்கு வருட சர்வீஸில் ஒரு மெமோ வாங்காதவன், அறுபத்தாறு வயதில் மருமகன் பெயரையும் சேர்த்துக் கெடுத்தான் என்று வரக்கூடாது பாருங்கள்.

ஆடி மாதம் வந்திருந்தபோது தாங்கள் என்ன சொன்னீர்கள்? "மாமா, இனிமே இது அறிவுசார் சமூகம். உலகமே ஒண்ணாயிடுச்சு. உங்க அறிவு திருநகர்ல சும்மா உக்காந்திருக்கக் கூடாது" என்று சொல்லி டேப்லெட்டைக் கையில் கொடுத்தீர்கள். வேலையும் எளிதாகத்தான் தெரிந்தது. ஆளில்லாமல் தானே ஓடும் காருக்குக் கண் பழக்க வேண்டும். திரையில் தெருப் படங்கள் வரும். அதில் நிற்பது மாடா, ஆடா, நாயா, மற்றவையா என்று நான்கில் ஒன்றைத் தொட வேண்டும். நூற்றுக்கு அறுபதுக்குக் கீழே போனால் பெயரை எடுத்துவிடுவார்கள். 'அறிவுப் பணியாளர்' என்று ஒரு சான்றிதழும் வந்தது. அதை அச்செடுத்து, ஆசை தாங்காமல் பக்கத்து வீட்டு ஹாலாஸ்யம் சாரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்துவிட்டு, "எத்தனை பசங்களை 'நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு'ன்னு திட்டியிருப்பேள் சார்? பகவான் கணக்கு நேர் பண்ணிட்டான் பாருங்கோ" என்றார். அன்றிலிருந்து காலை நடையில் என்னைப் பார்த்தால் வணக்கம் கிடையாது, "இன்னிக்கு எத்தனை உருப்படி மேய்ச்சேள்?" என்பதுதான்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் முதல் படத்திலேயே சிக்கல். ஒரு லாரி நிற்கிறது, அதன் பின்னால் ஒரு வால் தெரிகிறது. வாலை மட்டும் வைத்து முழு மாட்டுக்கு எப்படி மதிப்பெண் போடுவது? 'மற்றவை' என்று தொட்டு, குறிப்பு எழுதும் கட்டத்தில் 'முழு உருவம் தெரியும்படி மீண்டும் எடுத்து அனுப்புக' என்று எழுதினேன். தவறாம். அடுத்தது எருமை. அதை மாட்டில் சேர்ப்பதா என்று இரு தரப்பு வாதங்களையும் எழுதி முடிவைக் கம்பெனிக்கே விட்டேன். அதுவும் தவறாம். அடுத்தது சுவரில் வரைந்திருந்த தீவன விளம்பரம். 'இது மாட்டின் படம். மாடு அன்று' என்று தெளிவாக விளக்கினேன். விடை சரிதானாம், ஆனால் பதினொரு நிமிடம் எடுத்துக்கொண்டேன் என்று பாதி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். உங்கள் அத்தை அவரைக்காய் ஆய்ந்துகொண்டே, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா என்னங்க? மாடான்னு கேட்டா மாடு. இதுக்கு எதுக்கு இம்புட்டுக் கட்டுரை?" என்றாள். ஒச்சம்மாளுக்கு அறிவுசார் சமூகம் பற்றித் தெரியாது என்று நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மதிப்பெண் அறுபத்தொன்றுக்கு வந்து நின்றது. நிபுணரின் துணை வேண்டும் என்று முடிவு செய்து, உங்கள் அத்தையின் அண்ணன் கண்ணுச்சாமி மச்சானை வரவழைத்தேன். உசிலம்பட்டிச் சந்தையில் நாற்பது வருடமாக மாட்டுத் தரகு. மாட்டைப் பற்றி அவருக்கு மேல் அறிவு எந்தச் சமூகத்தில் இருக்கிறது? டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, தோள் துண்டை எடுக்காமலே திரையை உற்றுப் பார்த்தார்.

"மாப்ள, இது பல்லக் காட்டுமா?"

"காட்டாது மச்சான், படம்."

"நடந்தாச்சும் காட்டுமா?"

"அதுவும் காட்டாது. மாடுதானான்னு மட்டும் சொன்னாப் போதும்."

"மாடுன்னே தெரியாதவன் எதுக்கு மாட்டு யாவாரத்துக்கு வாரான்? எந்த ஊருக்காரன்?"

எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன். படம் பிரேசிலில் எடுத்தது, கம்பெனி அமெரிக்காவில், கார் ஓடப்போவது ஐரோப்பாவில் ஏதோ ஒரு நகரத்தில். அந்த நகரத்துத் தெருவில் மாடு உண்டா என்று கேட்டார். நான் முன்பே எழுதிக் கேட்டிருந்தேன். 'இல்லை, முன்னெச்சரிக்கைக்காக' என்று பதில் வந்திருந்தது. அந்த நேரம் பார்த்து எங்கள் கேட்டுக்கு வெளியே மூன்று மாடுகள் ரோட்டை அடைத்துப் படுத்திருந்தன; ஒரு ஷேர் ஆட்டோ சாக்கடை ஓரமாக வளைந்து போனது. மச்சான் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "மாடு கெடக்குற ஊருக்கு அந்தக் காரு வராது. காரு ஓடுற ஊருல மாடே கெடையாது. நடுவுல உங்களுக்கு என்ன மாப்ள சோலி?" என்றார்.

உலகமயமாதலின் நன்மைகள் ஐந்து, தீமைகள் ஐந்து என்று பத்து மார்க் கேள்விக்கு விடை சொல்லிக் கொடுத்தவன் நான். ஐந்தாவது நன்மை என்ன? அறிவுசார் சமூகம் உருவாகும். அதை மச்சானிடம் சொன்னேன். "வாங்குறவன் மொகம் தெரியல, விக்கிறவன் மொகம் தெரியல. துண்டப் போட்டுக் கைய விட்டாத்தான் மாப்ள உள்ள இருக்கறது தெரியும்" என்றார். தாங்கள் சென்னையில் வளர்ந்தவர் என்பதால் சொல்கிறேன்: மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். இருவர் கையையும் ஒரு துண்டால் மூடிக்கொண்டு, விரலைப் பிடித்தே பேரம் முடிப்பார்கள். அதை எனக்குச் செய்து காட்டுகிறேன் என்று மேஜைமேல் துண்டை விரித்தார். ஒரு பக்கம் அவர் கை, ஒரு பக்கம் என் கை. "இந்தா, இப்படிப் புடிச்சா ஆயிரம். இது ஐநூறு. இப்படித் தட்டுனா, 'போடா, ஒன் மாடும் வேணாம், ஒன் சங்காத்தமும் வேணாம்'னு அர்த்தம்." நானும் ஆர்வமாக இரண்டு மூன்று முறை தட்டிப் பழகினேன். கால் மணி நேரம் பாடம் நடந்தது. துண்டை எடுத்தால், அடியில் டேப்லெட் விழித்துக்கொண்டு கிடக்கிறது! நாங்கள் பேரம் பேசிய விரலையெல்லாம் விடையாக வாங்கி, நாற்பது படங்களை அது தானாகவே நகர்த்தியிருக்கிறது. முப்பத்தொரு மாடுகள் ஆடாகிவிட்டன. கடைசியில் நின்ற ஒரு பஸ் நாயாகிவிட்டது.

மதிப்பெண் முப்பத்தெட்டு. நம் ஊரில் முப்பத்தைந்து எடுத்தால் பாஸ், மாப்பிள்ளை. எத்தனை பையன்களுக்கு இரண்டு மார்க் கூட்டிப் போட்டுக் கரையேற்றியிருப்பேன். எனக்குக் கூட்டிப் போட ஒரு ஈ காக்கை இல்லை. இன்று மாலை ஆறு மணிக்குள் ஐம்பது படங்களுக்கு மறுதேர்வு எழுத வேண்டுமாம், இல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்களாம். எழுதப் போவதில்லை. பயமில்லை, ஒரு சந்தேகம்தான். அறிவு எல்லோருக்கும் பொது என்கிறார்கள். யாருக்காக, எதற்காக, லாபம் யாருக்கு என்று கேட்டால் மட்டும் துண்டைப் போட்டு மூடுகிறார்கள். சந்தையிலாவது துண்டுக்குள்ளே நம் கையும் இருக்கும். இங்கே நம் கை மட்டும்தான் வெளியே இருக்கிறது. இதைத் தீமைகளில் ஆறாவதாகச் சேர்க்க வேண்டும் என்பது என் பணிவான கருத்து. ஆகவே இக்கடிதத்தையே ராஜினாமாவாகக் கருதி, மேலிடத்துக்கு ஆங்கிலத்தில் பக்குவமாகத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

தாங்களும் மகளும் பேத்தியும் பதினாறு செல்வமும் பெற்று, இந்த மாதிரி சிபாரிசுகள் மட்டும் பெறாமல், நீடூழி வாழ மீனாட்சி துணையிருப்பாள்.

தங்கள் அன்பு மாமனார்,
ராஜபாண்டி
(ஓய்வு பெற்ற சமூக அறிவியல் ஆசிரியர், இன்று மாலையிலிருந்து வெறும் ஓய்வு)

பி.கு.: அவசரம். மேலே உள்ளதை ஆங்கிலத்தில் யாருக்கும் தெரிவிக்க வேண்டாம். நான் இதை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் அத்தை என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுதேர்வை முடித்துவிட்டாள். ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது. லாரிக்குப் பின்னால் இருந்த அந்த வால் திரும்பவும் வந்ததாம். "வாலு இருந்தா முன்னாடி மாடு இருக்கும்ல" என்று தொட்டாளாம், சரியாம். இப்போது வேறு நாட்டுக்காரர்கள் பதினொரு பேரின் விடைகளைத் திருத்தும் பொறுப்பையும் கொடுத்திருக்கிறார்கள். பிரேசில்காரர் ஒருவரை இப்போதே இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டாள். சான்றிதழில் பெயரை ஒச்சம்மாள் என்று மாற்றித் தர ஏற்பாடு செய்யவும். டீ நான்தான் போடுகிறேன். ஆறாவது தீமையைச் சேர்ப்பதா, அடிப்பதா என்று அவளிடமே கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒங்கள யாராச்சும் கேட்டாகளா?" என்றாள்.