மெத்தைக்காரர் ஊசி ஏற்ற படலம்

வாழ்க மெத்தைக்காரர்! கோணூசி ஏந்திய கோமான், பஞ்சையும் நாரையும் ஒருங்கே பணியவைத்த பெருந்தகை, ஊரார் உட்கார்ந்து உட்கார்ந்து குழியாக்கிய சோபாக்களையெல்லாம் மீண்டும் நிமிர்ந்தெழச் செய்த புண்ணியவான், அகன்ற மார்பும் அதனினும் அகன்ற வயிறும் வாய்க்கப்பெற்றவர், வாழ்க! முழங்கை நீள ஊசியைத் தடித்த தோலுறையின் இப்புறம் செருகி அப்புறம் உருவும்போது இமைகொட்டாத அம்மாவீரர், அவ்வூசி தவறித் தம் விரலிற் பாய்ந்த நாள்களிலும் ‘ச்சே’ என்ற ஒற்றைச் சொல்லோடு விரலை வாயில் வைத்துக்கொண்டு மறுகையால் வேலையைத் தொடர்ந்தவர். அத்தகையவர் பேனா அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் குழலைக் கண்டு நடுங்கிய வரலாற்றை, ஒரு சொல்லும் கூட்டாமல், கூட்டினாலும் மிகாமல், இங்கே உரைக்கப் புகுந்தோம். வெட்கப்பட வேண்டியவர் அவர், எமக்கென்ன?

காவியம் பாடுவோர் முதலில் யாரையேனும் வணங்குதல் மரபாகலின், வெண்ணிற மேனியும் ஓயாத உறுமலும் கொண்டு அடுக்களை மூலையில் அமர்ந்தருளும் குளிர்சாதனப் பெட்டியே, உன்னை வணங்குகிறோம். தயிர்க் கிண்ணத்துக்கும் நேற்று மிஞ்சிய காய்க்கும் நடுவே அக்குழல்கள் அடங்கிய மருந்துப் பெட்டியை நாள்கணக்கில் கட்டிக்காத்தவள் நீ. தண்ணீர் எடுக்க உன் கதவைத் திறந்தபோதெல்லாம் அவர் அதைப் பாராதவர்போல் பார்த்ததை அறிந்தவளும் நீயே. யார் பக்கமும் சாயாமல் விளக்கை மட்டும் எரியவிட்டாய்.

போர் மூண்ட காரணம் கூறுவோம். சர்க்கரை என்னும் பகைவன் கோட்டைக்குள் புகுந்தது வாளை வீசிக்கொண்டல்ல. வாய் வழியாக, இனித்துக்கொண்டே புகுந்தான். அவனை எதிர்க்க வெள்ளை மாத்திரை போயிற்று, மஞ்சள் மாத்திரை போயிற்று, பாதியாக உடைத்துப் போடவேண்டிய பெரிய மாத்திரையும் போயிற்று. போனவை திரும்பவில்லை, பகைவனும் அசையவில்லை. இதற்கிடையே வீரரின் கண் மங்கத் தொடங்கியது. நூல்முனையை நாவில் தொட்டு, ஊசிக் காதுக்குள் ஒரே வீச்சில் நுழைத்துப் பழகியவர், இப்போது காதுக்கு இடப்புறம் ஒருமுறையும் வலப்புறம் ஒருமுறையும் காற்றைக் கோத்துவிட்டு, “நூல் சரியில்ல” என்று நூலின்மேல் பழி போட்டார். வீட்டுக்குக் கீழே அவர் கடையிலேயே துணி வெட்டும் மனைவியார் இதைக் கண்டும் காணாதவர்போல் இருந்தார். அப்படி இருந்தபடியே மருத்துவரிடம் நேரமும் வாங்கிவிட்டார்.

மருத்துவ அம்மையார் சோதனை முடிவுகளை மேலும் கீழும் நோக்கி, “மாத்திரை மட்டும் இனிமே போதாதுங்க. வாரத்துக்கு ஒரு ஊசி, வீட்லயே நீங்களே போட்டுக்கலாம். இன்னும் தள்ளிப்போட்டா கண்ணுக்கும் நல்லதில்ல, காலுக்கும் நல்லதில்ல” என்று மொழிந்தருளினார். உடனே செவிலியர் ஒருவர் மருந்தில்லாத மாதிரி ஊசிப்பேனா ஒன்றைக் கையிலேந்தி, மூடியைக் கழற்றுவதும், வயிற்றில் அழுத்துவதும், பூட்டைத் திருகுவதும், பொத்தானை அமுக்குவதும், ‘டிக்’ என ஒன்று கேட்டபின் இன்னொரு ‘டிக்’ கேட்கும்வரை எடுக்காமல் காத்திருப்பதுமாகிய போர்முறை அனைத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஊசி உள்ளே ஒளிந்திருக்கும், கண்ணில் படவே படாது என்பதையும் இருமுறை சொன்னார். வீரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். செவிலியர் கை செய்ததை அவர் கண் பார்த்தது; ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை.

ஏறாததற்குக் காரணம் உண்டு. அவர் காது முழுவதும் அவருடைய அண்ணன் நிறைந்திருந்தார். அண்ணனுக்கும் இதே நோய். அண்ணனும் ஒருநாள் மாத்திரையிலிருந்து ஊசிக்கு மாறினார்; அடுத்த மழைக்காலத்துக்குள் காலை எடுத்தார்கள்; அதற்கடுத்த மழையை அவர் பார்க்கவில்லை. அன்றிலிருந்து மெத்தைக்காரரின் மனத்தில் ஊசி, கால், பாடை என்று மூன்றும் ஒரே வரிசையில் நின்றன. ஊசி குத்தும் வலியையா அவர் அஞ்சினார்? அந்த வரிசையின் முதற்படியில் கால்வைக்கத்தான் அஞ்சினார். இந்த இடத்தில் பகடி செய்ய எமக்கும் மனம் வரவில்லை.

ஆயினும் அச்சத்தை அச்சம் என்று ஒப்புக்கொள்ளும் வழக்கம் வீரர்களுக்கு இல்லையாதலால், அவர் சாக்குப்போக்கு என்னும் பெரும்படையைத் திரட்டினார். ஒருநாள் தும்மல் வந்தது. ஒருநாள் திருமண மண்டபத்து நாற்காலிகளுக்கு உறை தைக்கும் அவசரம் வந்தது. ஒருநாள் வயிறு சரியில்லை. மறுநாள் வயிறு சரியாக இருந்ததால், அதைக் கெடுத்துக்கொள்வானேன் என்று தோன்றியது. மனைவியார் காலைதோறும் ஒரு பேனாவை எடுத்து மேசைமேல் வைப்பதும், அவர் குளிக்கப்போய்க் குளியலறையிலேயே குடியிருப்பதும், அவர் வெளியே வருமுன் பேனா மறுபடி குளிருக்குள் புகுவதுமாக, அவ்வீட்டில் அறப்போர் ஒன்று நடந்தது.

இறுதியில் கத்தரியேந்திய அக்கொற்றவை பொறுமை இழந்தார். இடுப்பில் கைவைத்து, குளியலறைக் கதவை நோக்கி, தெருவுக்கே கேட்கும்படி முழங்கினார்:

“என்னங்க! இன்னிக்கு நீங்க ஊசி போட்டுக்கல, நான் கத்தரியத் தொட மாட்டேன்! பூப்போட்ட துணிய வெட்ட வேற ஆளப் பாத்துக்குங்க!”

இச்சொல்லின் கொடுமையைத் தொழிலறியாதார் அறியார். சோபாவின் கைப்பிடியில் பாதிப் பூவும் முதுகில் மீதிப் பூவும் தையலில் வந்து பிசகாமல் சேரும்படி துணி வெட்ட, அத்தெருவில் அவரை விட்டால் ஆளில்லை. வீரர் கதவைத் திறந்தார். துண்டோடு நின்றபடி, “கடையில போய்த் தனியா போட்டுக்கிறேன். யாரும் வரக்கூடாது” என்று அறிவித்து, சட்டையை மாட்டிக்கொண்டு, பேனாவை, செத்த எலியை வாலைப்பிடித்துத் தூக்குவதுபோல் இரு விரலால் தூக்கி, மாடிப்படி இறங்கினார்.

கடையிலோ தொழிலின் சட்டம் அவருக்காகக் காத்திருந்தது. புதிதாக வாங்கிய ஊசி எதுவாயினும், வாடிக்கையாளரின் துணியில் அதை முதலில் இறக்குதல் கூடாது. முனையில் பிசிறிருந்தால் நல்ல துணி நாசமாகும். ஆகவே மூலையில் கிடக்கும் சோதனைத் திண்டில் ஒருமுறை குத்திப் பார்த்தே பணிக்கு எடுப்பர். ஆயிரம் ஊசிகளின் முதற்குத்தைத் தாங்கி, நிறம் இன்னதென்று தெரியாமல் வெளுத்துக் கிடந்த அத்திண்டைக் கண்டதும் மெத்தைக்காரரின் முகம் மலர்ந்தது. சட்டம் சட்டந்தானே! மூடியைக் கழற்றினார், திண்டின் நடுவே அழுத்தினார், திருகினார், கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார். ‘டிக்’. திண்டு துடிக்கவில்லை, அலறவில்லை. இன்னொரு ‘டிக்’. எடுத்துத் திருப்பிப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எங்கும் ஊசி இல்லை. விடுதலை பெற்ற நாடுபோல அவர் உள்ளம் ஆர்த்தெழுந்தது. படிகளை இரண்டிரண்டாகத் தாவி மேலேறி,

“ஏம்மா! இதுல ஊசியே இல்ல! சும்மா டிக்கு டிக்குன்னு சத்தந்தான் வருது! மருந்துக் கடைக்காரன் நம்மள ஏமாத்திட்டான்!” என்று வெற்றி முரசு கொட்டினார்.

மனைவியார் கீழே இறங்கினார். திண்டைத் தொட்டார். விரலில் ஈரம். ஒரு வாரத்து மருந்து முழுவதையும் குடித்துவிட்டு அது சாதுவாகப் படுத்திருந்தது. உலகத்திலேயே சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் ஒரே திண்டு அதுவாகத்தான் இருக்கவேண்டும். அவருக்குச் சிரிப்பு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், பின்னாலேயே இறங்கிவந்த கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் எப்போது அழத் தொடங்கினார் என்பது எமக்கே தெரியவில்லை.

“சோதிச்சுப் பாத்தீங்க, சரி. ஊசி நல்லா இருந்திருந்தா உங்களுக்குப் போட்டிருப்பீங்களா?”

 வீரர் தரையைப் பார்த்து, “அண்ணன் ஊசி போட ஆரம்பிச்சுதான் போனாரு” என்றார். வீட்டில் அவர் அதை வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல்முறை.

“ஊசி போட்டதால போகலங்க. போடாம இருந்ததால போனாரு. டாக்டர் வருஷக்கணக்கா சொன்னாங்க. உங்கள மாதிரியே இன்னிக்கு நாளைக்குன்னு தள்ளிட்டு, கால் கறுத்ததுக்கு அப்புறம்தான் போட்டாரு. அண்ணி என் மடியில விழுந்து அழுதாங்க. எனக்கு அந்த அழுக வேணாங்க.”

 பின்னர் இருவரும் மேலே ஏறினர். பெட்டியிலிருந்து புதிய பேனா வெளிவந்தது. குளிர் தணியவேண்டி அது மேசைமேல் கிடந்த பொழுதெல்லாம் வீரர் எதிரே நாற்காலியில் அமர்ந்து, களத்தில் பகைவனை அளக்கும் தளபதிபோல் அதை அளந்துகொண்டிருந்தார். பிறகு எழுந்தார். சட்டையை உயர்த்தினார். எத்தனையோ விருந்துகளை வென்று, எந்த இடைவாருக்கும் கட்டுப்படாமல், தன் விருப்பம்போல் முன்னே நடந்து, தலைவனைப் பின்னே நடத்திவந்த அந்த மாபெரும் வயிறு, இன்று முதன்முறையாகத் தன்னால் இயன்றமட்டும் உள்ளே ஒடுங்கி நிற்க, தொப்புளுக்குச் சற்றுத் தள்ளி மனைவியார் விரலால் தொட்டுக் காட்டிய இடத்தில், வலக்கையை இடக்கையால் பற்றிக்கொண்டு, “இப்ப போடுறேன்! எல்லாரும் பாத்துக்குங்க!” என்று, மனைவியும் குளிர்சாதனப் பெட்டியும் மட்டுமே நின்ற அப்பேரவையில் அவர் முழங்கி, பேனாவை அழுத்தித் திருகிப் பொத்தானை அமுக்கினார்.

‘டிக்’.

மூவுலகும் மூச்சடக்கியது. பற்கள் கிட்டின, புருவங்கள் நெரிந்தன, கால்விரல்கள் தரையைக் கவ்வின, வரப்போகும் பெருவலியை எதிர்கொள்ள உடலின் ஒவ்வொரு மயிரும் எழுந்து நின்று காத்திருந்தது. ‘டிக்’.

“இன்னும் குத்தலையே?” என்றார், கண்ணைத் திறவாமல்.

“முடிஞ்சுதுங்க. எடுங்க.”

கண்ணைத் திறந்தார். பேனாவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். அங்கே ஒரு கொசு கடித்த தடம்கூட இல்லை. சங்கை வாயில் வைத்து வெற்றிகூற யாம் ஆயத்தமாக நின்றோம். ஆனால் அவர் வெற்றி கொண்டாடுகிறவராகத் தெரியவில்லை. “இதுக்கா?” என்றார். சற்றுப் பொறுத்து, “இதுக்காகவா அண்ணன் அத்தன வருஷம்…” என்று தொடங்கினார், முடிக்கவில்லை. காலியான பேனாவைக் கையில் பிடித்தபடியே நாற்காலியில் அமர்ந்து, அண்ணன் இறந்த அன்றுகூட அழாத அந்தப் பேருருவர், தோள்கள் குலுங்கக் குழந்தைபோல் அழுதார். மனைவியார் பக்கத்தில் நின்று அவர் தலையைத் தம் இடுப்போடு அணைத்துக்கொண்டார். யாம் சங்கைக் கீழே வைத்தோம்.

பிறகு அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு, சர்க்கரை போடாத டீயைக் குடித்துவிட்டு, கடைக்குப் போனார்.