ஹோரஸின் முதுகும் பிரதான நெடுஞ்சாலையும்

முதலில் ஒரு விடுகதை. படுத்த இடத்தை விட்டு அது அசையாது. ஆனாலும் ஊரில் உள்ள வண்டிகளையெல்லாம் ஓட வைக்கும். அது என்ன?

சாலை என்று சொல்லிவிட்டீர்களா? சரிதான். விடுகதையைப் போட்ட ஹெட்டி டில் என்ற சிறுமியும் அதைத்தான் விடையாக வைத்திருந்தாள். ஆனால் அதற்கு இன்னொரு விடையும் உண்டு என்று அவளுடைய அப்பா ஹோரஸ் கண்டுபிடித்தார். முதுகைப் பணயம் வைத்துக் கண்டுபிடித்தார். அந்தக் கதையைக் கேளுங்கள்.

நியூசிலாந்தில் மங்காரோ ஆற்றுச் சாலையோரம் ஹோரஸுக்கு ஒரு மாட்டுப் பண்ணை இருந்தது. நகரங்களுக்கு மோட்டார் கார் வந்துவிட்ட காலம். மங்காரோப் பக்கம் இன்னும் குதிரை வண்டிதான். ஹோரஸுக்கு இடி என்றால் பயம். காளை என்றால் பயம். மோட்டார் கார் என்றால் அதைவிடப் பயம். இந்த மூன்று பயத்தையும் ஒன்றாகக் கட்டித் தூக்கினால் எவ்வளவு கனக்குமோ, அவ்வளவு பயம் மனைவி ஐவியிடம்.

ஐவி அடிப்பவள் இல்லை. திட்டுபவளும் இல்லை. "ஏன் ஹோரஸ்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பாள். கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பதிலுக்காகக் காத்திருப்பாள். அந்தக் காத்திருப்பைத்தான் அவரால் தாங்க முடியாது.

தினமும் காலையில் பால் கேன்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் சீஸ் ஆலைக்குப் போவார். கேன்களுக்கு நடுவே ஒரு மெத்தைத் துண்டு. அதில் ஹெட்டி. பள்ளிக்கூடம் ஆலைக்குப் பக்கத்திலேயே இருந்தது. வழியெல்லாம் அவள் விடுகதை போடுவாள். அவர் தப்பாகவே விடை சொல்வார். சில சமயம் வேண்டுமென்றே சொல்வார், அவள் சிரிப்பதைக் கேட்பதற்காக. சாலை முழுக்கச் சேறு. குதிரை டாலி முழங்கால் வரை இறங்கி ஏறும். ஆலையில் பாலை இறக்கிவிட்டு, சீஸ் எடுத்தபின் மிஞ்சும் தண்ணீரைப் பன்றிகளுக்காக வாங்க வரிசையில் நின்று, மற்ற பண்ணைக்காரர்களோடு ஊர்க்கதை பேசித் திரும்பினால் மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். உலகத்தில் அவரை யாரும் 'ஏன்' என்று கேட்காத மூன்று மணி நேரம்.

அதற்குத்தான் ஆபத்து வந்தது.

சேதியைக் கொண்டுவந்தவர் பக்கத்துப் பண்ணை சோரன்சன். ஆலை முற்றத்தில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, துக்கம் சொல்பவர் மாதிரி சொன்னார். ஆற்றுச் சாலை, மேட்டுச் சாலை இரண்டில் ஒன்றை, வட்டார நிர்வாகமான கவுண்டி சபை பிரதான நெடுஞ்சாலையாக அறிவிக்கப்போகிறது. அடுத்த வாரம் இரண்டிலும் ஆள் உட்கார்ந்து வண்டிகளை எண்ணுவார்கள். எதில் போக்குவரத்து அதிகமோ அதுதான் நெடுஞ்சாலை. அதற்குச் சரளைக்கல் போடுவார்கள், புதுப் பாலம் கட்டுவார்கள், குறுக்கே நிற்கும் கேட்டுகளைப் பிடுங்கிவிடுவார்கள்.

"அதோட முடிஞ்சுதா?" என்றார் ஹோரஸ்.

"எங்க முடிஞ்சுது? அப்புறம் ஆலைக்காரனே லாரி அனுப்புவான். கேனை வாசல்ல வெச்சாப் போதும். நீயும் நானும் இங்க வரவே வேணாம்ப்பா."

ஹோரஸ் அதை நினைத்துப் பார்த்தார். காலை முழுவதும் வீட்டில். ஐவியின் கண் முன்னால். கோழிக்கூடு ஏன் இன்னும் சாய்ந்திருக்கிறது, வேலி ஏன் இன்னும் அறுந்திருக்கிறது என்று அவள் கேட்பாள். ஹெட்டியோ யாரோ ஒருத்தன் ஓட்டும் லாரியில்.

அன்று திரும்பும்போதே திட்டம் தயாராகிவிட்டது. எண்ணும் வாரத்தில் ஆற்றுச் சாலைக்காரர்கள் யாரும் ஆற்றுச் சாலையில் போகக் கூடாது. சோரன்சனின் மேய்ச்சல் நிலத்தில் புகுந்து மேட்டுச் சாலைக்கு ஏறிவிட வேண்டும். முற்றத்து நண்பர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் வீட்டிலும் கோழிக்கூடுகள் இருந்தன.

ஹோரஸுக்கு மட்டும் ஒரு சிக்கல். அவர் வண்டியை மேட்டுப் பக்கம் திருப்பினால் ஐவி "ஏன் ஹோரஸ்?" என்பாள். அந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தைக்கு மேல் அவரால் பொய் சொல்ல முடிந்ததில்லை. ஒரே வார்த்தையில் அடங்கும் பொய் எது என்று யோசித்தார். கிடைத்தது.

திங்கட்கிழமை காலை அவர் படுக்கையிலிருந்து எழவில்லை. "ஐயோ," என்றார்.

அவர் கை முதுகைப் பிடித்திருந்ததைப் பார்த்து, முதுகு என்று தெரிந்துகொண்டாள் ஐவி. ஏன் என்று கேட்கவில்லை. அதுவே அவருக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. குதிரைக்குப் போடும் தைலத்தை எடுத்து வந்து முதுகில் தேய்த்தாள். டாலி ஏன் அந்தத் தைலத்தைக் கண்டால் உதைக்கிறது என்று அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது. சோரன்சனின் மூத்த மகன் வந்து கேன்களையும் ஹெட்டியையும் மேட்டு வழியாகக் கூட்டிப்போனான். எல்லாம் நன்றாகவே நடந்தது.

பிறகு ஐவி தொலைபேசியின் கைப்பிடியைச் சுற்றினாள்.

மங்காரோவில் தொலைபேசிக்கு ஒரே கம்பி. பள்ளத்திலும் மேட்டிலும் உள்ள எல்லா வீடுகளும் அதில் தொங்கின. ஒரு வீட்டில் மணி அடித்தால் மற்ற வீடுகளிலும் கேட்கும். கேட்டதும் எல்லோரும் மெல்ல எடுத்துக் காதில் வைப்பார்கள். அது தப்பு என்று எல்லோரும் சொல்வார்கள், எல்லோரும் செய்வார்கள். ஐவி டாக்டர் மெக்காலைத்தான் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த ஹோரஸுக்குத் துண்டு துண்டாகத்தான் கேட்டது.

"காலை அசைக்கவே மாட்டேங்கிறார் டாக்டர்... இல்லை, யார்கிட்டயும் சொல்லலை... பாவம், வலியைக் காட்டிக்கறதே இல்லை அவர்... ஹெட்டிக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை..."

ஒரு மனிதன் படுத்துவிட்டான் என்றால் மங்காரோக்காரர்கள் கூப்பிடுவதற்காகக் காத்திருக்க மாட்டார்கள். அவன் மாடு கறக்க ஆள் வரும். விறகு பிளக்க ஆள் வரும். கேக்கு வரும், சூப்பு வரும், ஜெபப் புத்தகம் வரும். மத்தியானத்துக்குள் முதல் வண்டிச் சத்தம் கேட்டது. அப்புறம் அது நிற்கவே இல்லை.

சோரன்சனின் மனைவி இரண்டு பிள்ளைகளோடு ஒரு வண்டியில் வந்தாள். மேட்டுச் சாலைக்காரர்கள் தனித்தனியாக வந்தார்கள்; ஒரே குடும்பம், ஆனால் கணவன் ஒரு வண்டி, மனைவி ஒரு வண்டி, ஏனென்றால் ஒருவர் சீக்கிரம் திரும்ப வேண்டுமாம். ஆற்றங்கரையில் இருந்த பாராட்டா குடும்பத்தார் ஆற்றில் பிடித்த விலாங்கு மீனைப் புகை போட்டுக் கொண்டுவந்தார்கள். ஹெட்டி பள்ளியிலிருந்து வந்ததும் சாலைக் கேட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவருக்கும் திறந்துவிட்டாள். பை நிறைய மிட்டாய் சேர்ந்தது.

ஹோரஸ் திரை போட்ட அறையில் படுத்திருந்தார். நடையில் பூட்ஸ் சத்தம். கதவுக்கு வெளியே கிசுகிசு. உள்ளே வருபவர்கள் கட்டில் காலருகே நின்று அவரைப் பற்றி நல்லதாகவே பேசினார்கள். சாகக் கிடப்பவனைப் பற்றித்தான் மங்காரோவில் அப்படிப் பேசுவார்கள். ஹோரஸ் கடனாக வாங்கிய மண்வெட்டியைத் திருப்பித் தராததற்காக வருஷக்கணக்கில் பேசாமலிருந்த ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அதை நீயே வெச்சுக்க ஹோரஸ்," என்றார்.

புதன்கிழமை பாதிரியார் வந்தார். வியாழக்கிழமை ஊர்த் தச்சர் வந்தார். அவர்தான் ஊருக்குச் சவப்பெட்டியும் செய்பவர். அவர் அறைக்குள் வரவில்லை. சமையலறையிலேயே ஐவியோடு பேசினார்.

"எவ்வளவு நீளம் வேணும்மா?"

"தாராளமாவே வெச்சுக்குங்க. அப்புறம் உள்ள போகலைன்னா சங்கடம்."

"கதவு?"

"ரெட்டைக் கதவு," என்றாள் ஐவி.

ரெட்டைக் கதவு வைத்த சவப்பெட்டியை ஹோரஸ் கேள்விப்பட்டதே இல்லை. ஆனாலும் வியர்த்துவிட்டது. எழுந்து ஓடிவிடலாம் என்று ஒரு காலைக் கீழே வைத்தார். தரையில் கால் மரத்துப்போய் இருந்தது. படுத்தே கிடந்ததால் வந்த மரப்பு. அது அவருக்குத் தோன்றவில்லை. நிஜமாகவே வந்துவிட்டதோ என்றுதான் தோன்றியது. காலை மறுபடியும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

டாக்டர் மெக்கால் காரில் வந்தார். வழக்கம்போலச் சேற்றில் மாட்டி, அங்கே வந்துகொண்டிருந்த நாலு வண்டிக் குதிரைகளைக் கட்டி இழுத்து, இடுப்பு வரை களிமண்ணோடு வந்து சேர்ந்தார். பையிலிருந்து ஓர் ஊசியை எடுத்தார்.

"காலுல குத்தறேன். வலிச்சா பயமில்லை. எழுந்து நடக்கலாம்."

ஹோரஸ் யோசித்தார். எழுந்து நடந்தால் நாளைக் காலை வண்டி கட்ட வேண்டும், அதுவும் ஆற்றுச் சாலையில். வாரம் இன்னும் முடியவில்லை. டாக்டர் குத்தினார். ஹோரஸ் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா கிடந்தார். இன்னொரு குத்து. கண்ணில் தண்ணீர் வந்தது, கால் அசையவில்லை. அவருடைய வாழ்க்கையிலேயே மிகப் பெரிய வீரச்செயல் அது.

"உணர்ச்சியே இல்லை," என்றார் டாக்டர். ஐவியைப் பார்த்தார். ஐவி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது துக்கம் என்று ஹோரஸ் நினைத்துக்கொண்டார். "முதுகுத் தண்டுல கத்தி வெக்க வேண்டியிருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாக்கலாம். அதுவரை அசையக் கூடாது."

கத்தி. ஹோரஸுக்கு இடியும் காளையும் மறந்துபோயின. கட்டிலைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தார். ஹெட்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளிடம் ஒரு விடுகதை போடச் சொன்னார். அவள் போட்டதுதான் நீங்கள் முதலில் கேட்டது. இந்த முறை அவருக்கு விடை சொல்லத் தோன்றவில்லை. அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் டாக்டர் வரவில்லை. வந்தவர் கிழவர் மன்ரோ. ஆற்றுச் சாலைப் பாலத்தடியில் கூடாரம் போட்டு வாரம் முழுக்க வண்டி எண்ணியவர். ஒரு வண்டி போனால் ஒரு பட்டாணி, இந்த டப்பாவிலிருந்து அந்த டப்பாவுக்கு. அதுதான் அவர் கணக்கு. கட்டில் காலருகே நின்று தொப்பியைக் கழற்றினார்.

"உன்னைப் பாத்து நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேம்ப்பா. மேட்டுச் சாலையில உட்கார்ந்தவனுக்கு ஒரு வாரமா தூக்கம்தான். அந்தப் பக்கத்து ஆளுங்களும் இங்கதானே வந்தாங்க. எனக்குப் புதன்கிழமையே பட்டாணி தீந்துபோச்சு. அப்புறம் பீன்ஸு. இன்னிக்குச் சட்டைப் பொத்தானைப் பிச்சுப் போட்டுட்டு நிக்கறேன் பாரு." சட்டையைக் காட்டினார். நிஜம்தான். "ஆற்றுச் சாலைதான் நெடுஞ்சாலை. படுத்துக்கிட்டே சாதிச்சுட்டே."

ஹெட்டியின் விடுகதைக்கு இன்னொரு விடை அப்போதுதான் ஹோரஸுக்குத் தெரிந்தது. கட்டிலிலிருந்து குதித்தார். வெறுங்காலோடு தரையில் நின்றார், முழு உயரத்துக்கும். அப்புறம்தான் மன்ரோவும், கதவருகே நின்ற ஐவியும் ஹெட்டியும் தம்மைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. மன்ரோ ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாடுகளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி நழுவினார்.

ஐவி கையைக் கட்டிக்கொண்டாள்.

"ஏன் ஹோரஸ்?"

இந்த முறை அவள் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை.

"நான் சொல்றேன், ஏன்னு. போன குளிருல இவளுக்குத் தொண்டை அடைச்சுதே, ஞாபகம் இருக்கா? டாக்டர் கார் அந்தச் சேத்துல நின்னுபோச்சு. மனுஷன் நடந்து வந்து சேர்றதுக்குள்ள இவ உதடு நீலம் பாஞ்சு கிடந்தது. நீங்க லாந்தரைத் தூக்கிட்டு வாசல்ல நின்னீங்க. வெளிச்சம் நடுங்கிட்டே இருந்துச்சு. சேத்தை ஒழிக்கணும்னு ரெண்டு தடவை உங்ககிட்ட சொன்னேன். பாக்கலாம்னீங்க. மூணாவது தடவை உங்ககிட்ட சொல்லலை. போன்ல சொன்னேன், ஊரே வண்டி கட்டிட்டு வரட்டும்னு."

ஹோரஸுக்கு அந்த லாந்தர் ஞாபகம் இருந்தது. அவருடைய பயங்களிலேயே பெரியது அதுதான். அதனால்தான் அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. தலை குனிந்துகொண்டார். "என் முதுகு சும்மாதான்னு எப்ப தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

"ஐயோன்னீங்களே, அப்பவே."

அடுத்த கோடைக்குள் சரளைக்கல் வந்தது. கேட்டைப் பிடுங்கினார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் தச்சர் ஒரு கொட்டகை கட்டி முடித்தார். நல்ல நீளம், ரெட்டைக் கதவு. எதற்கு என்று ஹோரஸ் கேட்டார். பாக்கலாம் என்றாள் ஐவி.

ஆலை லாரி வருவதாகச் சொன்ன காலை. லாரி வந்தால் வரட்டும், கேன்களைக் கொண்டுபோகட்டும்; ஹெட்டியை நான்தான் பள்ளிக்கூடம் கூட்டிப்போவேன் என்று ஹோரஸ் முடிவு செய்திருந்தார். வண்டியைத் துடைத்தார். டாலியின் பிடரியில் ரிப்பன் கட்டினார். மெத்தைத் துண்டுக்குப் புதிய உறை போட்டிருந்தார். சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

லாரி சாலையிலிருந்து வரவில்லை. அவருக்குப் பின்னால், கொட்டகையின் ரெட்டைக் கதவு திறந்து, அங்கிருந்து வந்தது. ஓட்டிக்கொண்டு வந்தது ஐவி. சில மாதங்களாக வியாழக்கிழமை தோறும் டாக்டரின் தங்கை வீட்டில் அவளுக்குத் தையல் வகுப்பு நடந்து வந்தது. அங்கே தையல் மெஷினே கிடையாது, டாக்டரின் கார்தான் உண்டு என்பது இப்போது விளங்கியது. ஆற்றுச் சாலைப் பால் முழுவதையும் ஏற்றிப்போக ஆலைக்கு ஓர் ஓட்டுநர் தேவைப்பட்டதாம். அவள் போய்க் கேட்டிருக்கிறாள். அவர் விடியலில் மாடு கறந்துகொண்டிருந்தபோது லாரி கொட்டகைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

"கோழிக்கூட்டைப் பாத்துக்குங்க," என்றாள் ஐவி. "மூணு மணி நேரத்துல வந்துடறேன்."

"ரோடுதான் நல்லா ஆயிடுச்சே. ஒரு மணி நேரம் போதுமே?"

"ஆலை முற்றத்துல பேச்சு இருக்குமில்ல," என்றாள் அவள்.

ஹோரஸ் வண்டியில் ஏறி, மெத்தையைத் தட்டிச் சரி செய்து, ஹெட்டியைப் பார்த்தார். புதிதாக ஒரு விடுகதை யோசித்து வைத்திருப்பதாகச் சொன்னார். ஐவி லாரிக் கதவைத் திறந்து வைத்தாள். ஹெட்டி புத்தகப் பையோடு நடுவில் நின்று, டாலியைப் பார்த்தாள், ரிப்பனைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

ஹெட்டி லாரியில் ஏறினாள்.